நான்காவது ஊசிக்கும் ஓலை வாசியுங்கள்

ஆப்பிரிக்க மக்களிடையே மருத்துவமனையும் மருந்தகமும் பள்ளியும் நடத்திவரும் திருச்சபை அறப்பணி அமைப்புகளின் பொறுப்பாளர்களே, அருட்தந்தையரே, அருட்சகோதரியரே, போதகர்களே, கணக்கு வழக்கைத் தலையில் சுமக்கும் அறங்காவலர்களே, ஹடப்சரில் குடியிருக்கும் ஒரு தமிழனின் வணக்கம்.

உங்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கடல் கடந்து போனவர்கள். புனேயின் கிழக்கு ஓரத்தில் சோலாப்பூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் இந்த ஊரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கே வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஹடப்சர் என்றால் மகர்பட்டாவின் ஐடி கட்டடங்கள். மற்றவர்களுக்குக் காடிதள் சந்திப்பின் நெரிசல். ஆனால் உங்கள் மருந்தகத்துக் குளிர்பெட்டியைத் திறந்து குப்பிகளின் லேபிளைப் பாருங்கள். தட்டம்மைக்கோ டெட்டனசுக்கோ உள்ள ஏதாவது ஒரு குப்பியில் சீரம் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா, புனே என்று இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. 1966-இல் சைரஸ் பூனாவாலா தொடங்கியது. பந்தயக் குதிரை வளர்த்த குடும்பம். ஓட்டத்துக்கு ஆகாத குதிரைகளின் இரத்தத்திலிருந்து டெட்டனஸ் எதிர்மருந்து எடுப்பதில் ஆரம்பித்து, எண்ணிக்கையில் உலகிலேயே அதிகத் தடுப்பூசி செய்யும் நிறுவனமாக வளர்ந்துவிட்டது.

ஊர்ப்பெருமை பேச இந்த மடலை எழுதவில்லை. இங்கிருந்து கிளம்பும் குப்பிக்கு விலை உண்டு, தரச் சான்று உண்டு, காலாவதித் தேதி உண்டு. ஆனால் அதை ஒரு தாய் நம்பித் தன் பிள்ளையின் தொடையைக் காட்டினால்தான் அது மருந்து. அந்த நம்பிக்கையை எந்த ஆலையிலும் தயாரிக்க முடியாது. ஆப்பிரிக்காவின் பல கிராமங்களில் அது உங்கள் கையில் இருக்கிறது. அதை நீங்கள் எப்படிச் செலவு செய்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

1996-97-இல் ஆப்பிரிக்காவில் மூளையுறைக் காய்ச்சல் பரவியது. செனகலில் தொடங்கி எத்தியோப்பியா வரை, சஹாராவுக்குத் தெற்கே கிடக்கும் வறண்ட பட்டை முழுக்க. இரண்டரை லட்சம் பேருக்கு நோய், 25,000 சாவு. பிழைத்தவர்களிலும் பலருக்குச் செவி போயிற்று. அந்த ஒரே கொள்ளைநோயிலிருந்து இரண்டு கதைகள் கிளைத்தன. இரண்டையும் சேர்த்து யாரும் சொல்வதில்லை என்பது என் குறை.

முதல் கதை நைஜீரியாவின் கானோ நகரத்தில். நோய் உச்சத்தில் இருந்தபோது ஃபைசர் நிறுவனம் அங்கே போய்த் தன் புதிய மருந்தான ட்ரோவானை 200 குழந்தைகளை வைத்துச் சோதித்தது. பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பழைய மருந்து. 11 குழந்தைகள் இறந்தன. வேறு சிலர் ஊனமாயினர். இது சோதனை என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றார்கள் பெற்றோர். நோயால்தான் இறந்தார்கள், முறைப்படி ஒப்புதல் பெற்றோம் என்றது நிறுவனம். கடைசியில் 2009-இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, கானோ மாநிலத்தோடு 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

வழக்கு முடியும் முன்பே அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள். 2003-இல் கானோவின் சமயத் தலைவர்கள் போலியோ சொட்டு மருந்து வேண்டாம் என்றார்கள். மலட்டு மருந்து கலந்திருக்கிறது என்றார்கள். மாநில அரசே முகாமை நிறுத்தியது. ஏறக்குறைய ஓராண்டு. அங்கிருந்து கிளம்பிய கிருமி இருபது நாடுகள் வரை போயிற்று, இந்தோனேசியாவையும் விடவில்லை. அந்தத் தலைவர்களை மூடர்கள் என்று எழுதிவிடுவது சுலபம். ஏழு வருடம் முன்பு அதே ஊரில் வெள்ளை அங்கி போட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று அந்தத் தாய்மார்களுக்குத் தெரியும். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது; சந்தேகப்பட்ட பொருள்தான் தப்பு. பிறகு சோகோட்டோ சுல்தான் போன்ற பாரம்பரியத் தலைவர்கள் முன்னே நின்று, ஊர் பார்க்கக் குழந்தைகளின் வாயில் சொட்டு விட்டுக் காட்டிய பிறகே நிலைமை மாறியது. 2020 ஆகஸ்ட் 25 அன்று ஆப்பிரிக்க வட்டாரத்தில் இயற்கைப் போலியோ ஒழிந்ததாக அறிவித்தார்கள். கதவை மூடியதும் சமயம், திறந்ததும் சமயம். சுகாதார அமைச்சகங்கள் இடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன என்றே சொல்வேன்.

இரண்டாவது கதை எங்கள் ஊருடையது. அதே கொள்ளைநோய்க்குப் பிறகு ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள்: ஓர் ஊசி அரை டாலருக்கு மேல் போனால் எங்களால் வாங்க முடியாது. பெரிய கம்பெனிகளுக்கு அந்த விலையில் அக்கறை இல்லை. உலக சுகாதார நிறுவனமும் பாத் (PATH) என்ற சுகாதார அமைப்பும் 2001-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் ஏழு கோடி டாலரோடு திட்டத்தைத் தொடங்கி, கடைசியில் ஹடப்சருக்கு வந்தன. தொழில்நுட்பம் அமெரிக்க அரசு ஆய்வகத்திலிருந்து வந்தது, உற்பத்தி இங்கே நடந்தது. மென்ஆஃப்ரிவாக் என்று பெயர். 2010 டிசம்பர் 6-இல் புர்கினா ஃபாசோவில் முதல் முகாம். ஒரு வயது முதல் இருபத்தொன்பது வயது வரை எல்லோருக்கும். விலை அரை டாலருக்கும் கீழே. அந்த வறண்ட பட்டையில் முப்பது கோடிப் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். ஏ வகைக் கிருமியால் வரும் மூளையுறைக் காய்ச்சல் அங்கே அனேகமாக இல்லாமலே போனது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. தடுப்பூசி என்றாலே பனிக்கட்டியோடு ஓட வேண்டும். மின்சாரம் இல்லாத ஊருக்குப் பனிக்கட்டி எங்கிருந்து வரும்? இந்த ஊசியை 40 பாகை வெயிலிலும் நான்கு நாள் வரை வெளியே வைக்கலாம் என்று 2012-இல் அனுமதி கிடைத்தது; பெனின் நாட்டில் அப்படியே எடுத்துப் போனார்கள். சைக்கிளில் போகிற செவிலியருக்கு அந்த நான்கு நாள் எவ்வளவு பெரிய வரம் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். இங்குள்ள பொறியாளர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

இப்போது இங்கிருந்து கிளம்புவது மலேரியா ஊசி. ஆக்ஸ்ஃபோர்டில் உருவாகி ஹடப்சரில் தயாராகும் ஆர்21. 2023 ஏப்ரலில் கானா முதலில் அனுமதித்தது, அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, 2024 ஜூலையில் கோட் டிவ்வாரில் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். பரிந்துரை வந்தபோது ஓர் ஊசிக்குச் சொன்ன விலை இரண்டிலிருந்து நான்கு டாலர். 2023-இல் மட்டும் மலேரியாவால் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் இறந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்க வட்டாரத்தில், அதில் முக்கால்வாசி ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

சிக்கல் என்னவென்றால் இது ஒரே ஊசியில் முடிகிற காரியம் இல்லை. ஐந்து மாதம் ஆனதிலிருந்து மாதம் ஒன்றாக மூன்று. அதன் பிறகு சுமார் ஒரு வருடம் கழித்து நான்காவது. முதல் மூன்றுக்குத் தாய் வந்துவிடுவாள். நான்காவது தவணை வரும்போது பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது. பார்த்தால் நோய் நொடி இல்லை. விதைப்புக் காலமாக இருக்கும். அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும். மருந்தகம் பத்து மைலுக்கு அப்பால். இதற்கு முந்தைய மலேரியா ஊசியைக் கானா, கென்யா, மலாவி மூன்று நாடுகளில் 2019 முதல் போட்டுப் பார்த்தபோதும் இதுதான் நடந்தது. முதல் ஊசிக்கு வந்தவர்களில் கணிசமானோரை நான்காவதில் காணவில்லை. நான்காவது இல்லாவிட்டால் பாதுகாப்பு தேய்ந்துகொண்டே போகும்.

இந்த இடத்தில் ஆலைக்காரர் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. உங்களால் முடியும். மலாவியில் சுகாதாரச் சேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திருச்சபை மருத்துவமனைகளின் கையில் இருக்கிறது. ஜாம்பியாவில் உங்கள் கூட்டமைப்பு 1970 முதல் இயங்குகிறது. நைரோபியில் கத்தோலிக்க ஆயர் பேரவையும் புராட்டஸ்டண்டு சுகாதாரச் சங்கமும் சேர்ந்து 1986-இல் தொடங்கிய மருந்து வழங்கு நிலையம் இன்றும் மருந்தைத் தானே சோதித்து அனுப்புகிறது. தார்ச்சாலை முடிகிற இடத்தில் உங்கள் மருந்தகம் ஆரம்பிக்கிறது. அங்குள்ள சகோதரிக்கு எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று பெயரோடு தெரியும்.

ஆனால் உங்கள் பக்கத்திலிருந்தே நம்பிக்கை உடைந்ததும் உண்டு, சொல்லாமல் விட முடியாது. 2014-இல் கென்யாவில் டெட்டனஸ் ஊசி முகாம் நடந்தபோது, அதில் கருத்தடை ஹார்மோன் கலந்திருப்பதாகக் கத்தோலிக்க ஆயர்கள் அறிவித்தார்கள். எங்கள் ஊர் ஆலை எந்த நோயைக் குறிவைத்துப் பிறந்ததோ, அதே நோய். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மறுத்தன. மருந்தை உரிய ஆய்வகத்தில், திறக்காத குப்பியிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றன. சோதனை கேட்பது உங்கள் உரிமை, கானோவுக்குப் பிறகு கடமை என்றுகூடச் சொல்வேன். சந்தேகத்தைத் தீர்ப்பாக்கிப் பீடத்தில் ஏறிச் சொல்வது வேறு. அடுத்த ஆண்டு போலியோ முகாமையும் புறக்கணிக்கச் சொன்னார்கள். அதே திருச்சபையின் மருத்துவமனைகளில் அதே காலத்தில் செவிலியர் குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பேச்சு, திங்கட்கிழமை ஒரு வேலை என்றால் தாய் எதை நம்புவாள்?

ஜிம்பாப்வே இன்னும் கசப்பு. 2022 ஏப்ரலில் மனிகாலாந்து பகுதியில் தட்டம்மை கிளம்பியது. தடுப்பூசியை ஏற்காத அப்போஸ்தல சபைகளின் கூட்டங்களில் பரவியது என்றது அரசு. செப்டம்பருக்குள் 700-ஐ ஒட்டிக் குழந்தைகள் இறந்தன. பெரும்பாலும் ஊசி போடாத குழந்தைகள். ஜெபத்தால் குணமாகும் என்று அந்தப் பெற்றோர் உண்மையாகவே நம்பினார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இதைக் கேட்டு மூக்கில் விரல் வைக்க உரிமை கிடையாது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, மாரியாத்தாள் வந்திருக்கிறாள் என்று சொல்லி, மருத்துவரிடம் போனால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று நின்றவர்கள் நம் பாட்டிமார். இன்றும் நிற்பவர்கள் உண்டு. அதே பாட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையைத் தனியே வைத்து, வேற்றாளை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்தியைக் கிண்டல் செய்து யாரும் ஊசி போட வைக்கவில்லை. ஆத்தாளையும் கும்பிடு, ஊசியும் போடு என்று சொல்ல அந்த ஊர் ஆள் ஒருவர் கிடைத்த இடத்தில் காரியம் நடந்தது. அப்போஸ்தல சபையின் தாய்மாரிடம் அப்படிப் பேச நாத்திக மருத்துவரால் ஆகாது. உங்களால் ஆகும், அவர்களுடைய ஜெபத்தின் மொழி உங்களுக்குத் தெரியும்.

நம்பிக்கையை உடைத்ததில் எங்கள் பக்கத்துக்கும் பங்குண்டு. கோவிட் காலத்தில் ஏழை நாடுகளுக்கான தடுப்பூசிக்குப் பெரும்பாலும் இந்த நிறுவனத்தையே நம்பியிருந்தார்கள். 2021 மார்ச்சில் இரண்டாம் அலை அடித்ததும் இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. கோவாக்ஸ் என்ற உலகத் தடுப்பூசிப் பகிர்வுத் திட்டத்துக்குத் திரும்ப அனுப்ப நவம்பர் ஆனது. இங்கே ஆக்சிஜனுக்கு வரிசையில் நின்ற எங்களால் அந்த முடிவைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனால் முதல் ஊசி போட்டுவிட்டு இரண்டாவதுக்குக் காத்திருந்த ஆப்பிரிக்கச் செவிலியருக்கு அதை எப்படி விளக்குவது? அந்த ஆண்டு முடியும்போது ஆப்பிரிக்காவில் பத்தில் ஒருவர்கூட முழுத் தவணை பெற்றிருக்கவில்லை. இன்னொரு பக்கம், 2021 மே மாதம் லிலாங்வேயில் 19,610 டோஸை மலாவி அரசு எரித்தது. இங்கே தயாரானவைதான். காலாவதிக்குச் சில வாரங்களே இருக்கையில் போய்ச் சேர்ந்தவை, வதந்தியால் ஆட்கள் வரத் தயங்கியதால் மீந்தவை. காலாவதியானதைப் போடவில்லை என்று மக்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றே பகிரங்கமாக எரித்தார்கள். மலாவி செய்தது சரி என்பது என் கட்சி.

நம்பிக்கையை யார் தாங்குவது என்ற கேள்விக்கு, தொலைவில் போய் விடை தேட வேண்டியதில்லை. இதே மகாராஷ்டிரத்தில், அன்றைய அகமதுநகர் மாவட்டத்து ஜாம்கேடில் 1970-இல் ரஜனிகாந்த் அரோலேயும் மேபல் அரோலேயும் ஒரு கிராம சுகாதாரத் திட்டம் தொடங்கினார்கள். இருவரும் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள், ஜெபத்தில் ஊன்றியவர்கள். முதலில் பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பிறகு கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்தார்கள். பலருக்கு எழுத்து தெரியாது, பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பிரசவம் பார்க்கவும் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கவும் தடுப்பூசிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரவும் அவர்களே கற்றுக்கொண்டார்கள். 1971-இல் ஆயிரம் பிறப்புக்கு 176 சிசு மரணம் இருந்த கிராமங்களில், தொண்ணூறுகளில் அது முப்பதுக்கும் கீழே வந்தது. 1979-இல் தம்பதிக்கு மகசேசே விருது. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கிறித்தவ மருத்துவ ஆணையம் ஜாம்கேடைக் கவனித்தது. அடிப்படைச் சுகாதாரம் பற்றிய 1978 அல்மா அட்டா மாநாட்டின் சிந்தனைக்குப் போன ஊற்றுகளில் அதுவும் ஒன்று.

ஜாம்கேடில் நான் முக்கியமாகக் கருதுவது புள்ளிவிவரத்தை அல்ல. படித்த டாக்டர் தம்பதி, படிக்காத பெண்ணிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்களே, அதுதான். உங்கள் அமைப்புகளில் எத்தனையில் அப்படி நடந்திருக்கிறது? ஆளுகைக் குழுவின் படத்தைப் பாருங்கள். நிதி தருகிற நாட்டவர் எத்தனை பேர், இந்தியர் எத்தனை பேர், அந்தக் கிராமத்துப் பெண் எத்தனை பேர்? நம் ஊர் ஊழியப் பத்திரிகைகளில் இன்னும் ‘இருண்ட கண்டம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். மூக்கொழுகும் பிள்ளையின் படத்தைப் போட்டால்தான் காணிக்கை வருகிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பிள்ளையின் தாய் நாளை அதைக் கைபேசியில் பார்ப்பாள் என்று சொல்லுங்கள். தன் பிள்ளையைக் காட்டிப் பிச்சை எடுத்தவர் கையிலிருந்து அவள் ஏன் ஊசி வாங்க வேண்டும்?

புனேயில் இருக்கும் உங்கள் சகோதர சபைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்காவுக்கு நிதி திரட்டுகிற நகரத்திலேயே ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள். வாடகைக்கு வீடு என்று கேட்டால், நிறத்தைப் பார்த்ததுமே ‘குடும்பத்துக்குத்தான் கொடுப்போம்’ என்று விடை வருகிறது. 2016-இல் பெங்களூருவிலும் 2017-இல் கிரேட்டர் நொய்டாவிலும் அவர்களைக் கும்பல் அடித்ததை அவர்கள் மறக்கவில்லை. இந்த மாணவர் நாளை லுசாக்காவிலோ டார் எஸ் சலாமிலோ வீட்டுக்குப் போய், இந்தியர் எப்படிப்பட்டவர் என்று சொல்வார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் நீங்கள் அங்கே இந்தியக் குப்பியைத் திறக்க வேண்டும். புனேயின் சபையாரில் வீட்டுச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குருவானவர் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

2025 உங்களை நன்றாக உலுக்கிவிட்டது என்று தெரியும். ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியது, ஜூலையில் யூஎஸ்எய்டு மூடப்பட்டது, ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கித் தரும் காவி கூட்டணிக்கும் இனிக் காசில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊதியம் தர வழியில்லாமல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய திருச்சபை மருத்துவமனைகள் உண்டு. இந்த நேரத்தில் உபதேசம் செய்ய வந்துவிட்டான் என்று நினைத்தால் நியாயம்தான். ஆனால் பணம் குறைகிறபோது முதலில் வெட்டப்படுவது எது என்று உங்களுக்குத் தெரியும்: வீடு வீடாகப் போகிற பெண்ணின் படியும் அவளுடைய சைக்கிளும். கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை கொடுக்க ஆள் கிடைப்பார், அவளுக்குக் கிடைக்க மாட்டார். தயவுசெய்து அந்த வரியைக் கடைசியாக வெட்டுங்கள். கட்டடத்தை முதலில் நிறுத்துங்கள்.

செலவில்லாத ஒரு காரியத்தையும் கேட்கிறேன். நம் கோயில்களில் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் என்று பெயர் சொல்லி. ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் மருந்தகப் பதிவேட்டில் மூன்று ஊசி போட்டு நான்காவதுக்கு வரவேண்டிய பிள்ளைகள் இருப்பார்கள். தாய் சம்மதித்தால் பெயரோடு, இல்லையென்றால் தேதியையும் ஊரையும் மட்டுமாவது, மூன்று ஞாயிறு பூசை முடிவில் வாசித்துவிடுங்கள். அதைப் போதகரே வாசிக்கட்டும், உபதேசியாரிடம் தள்ளிவிட வேண்டாம். உங்கள் சொந்தப் பேரப்பிள்ளைக்கோ தங்கை மகளுக்கோ அந்த வயது என்றால், முதல் ஊசியை எல்லோர் முன்னாலும் அதற்கே போடச் சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.